ஊசி முனையில் ஒரு திருநாள்

1843ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் இலண்டன் மாநகரில் மூன்று தாள்கள் வெளிவந்தன. கிறிஸ்துமஸ் விழாவின் வரலாற்றை ஆராயப் புகுவோர் அம்மூன்றையும் ஒதுக்கிவிட்டுச் செல்ல இயலாது. ஒன்று, ஹென்றி கோல் என்பார் ஓவியர் ஒருவரைக் கொண்டு வரைவித்து அச்சிட்டு விற்பனைக்கு விட்ட வாழ்த்து அட்டை. மற்றொன்று, சார்லஸ் டிக்கன்ஸ் எழுதிய 'கிறிஸ்துமஸ் கேரல்' என்னும் சிறு நூல். மூன்றாவது, 'பஞ்ச்' என்னும் நகைச்சுவை இதழ் தன் கிறிஸ்துமஸ் பதிப்பில் ஆசிரியர் பெயரின்றி வெளியிட்ட 'சட்டையின் பாட்டு'. அதனை எழுதியவர் தாமஸ் ஹூட் என்பது பின்னரே ஊரறிந்த செய்தியாயிற்று.

அப்பாட்டில் வரும் பெண் கூலிக்குச் சட்டை தைப்பவள். விடியும் முன் தொடங்கி விளக்கு வைத்த பின்னும் ஊசியைக் கீழே வைக்க வழியில்லாதவள். டிக்கன்சின் நூலிலும் ஓர் ஏழைப் பெண் வருகிறாள். எழுத்தர் கிராட்சிட்டின் மனைவி. அவளுடைய உடை பழையது. சாயம் வெளுத்த புறம் உள்ளே போகுமாறு இருமுறை பிரித்துத் திருப்பித் தைக்கப்பட்டது. ஆயினும் திருநாளன்று அதன்மேல் ஆறு பென்ஸ் பெறுமான நாடாக்களைத் தைத்துக்கொண்டு அவள் பொலிவோடு நிற்கிறாள். ஒருத்தி பிறர்க்காகத் தைக்கிறாள். மற்றொருத்தி தனக்காகத் தைக்கிறாள். இருவர் கையிலும் இருப்பது ஒரே ஊசிதான். எனினும் ஒன்று வாழ்வை உறிஞ்சுகிறது; மற்றொன்று வறுமைக்கு நடுவே சிறிது நிமிர்வைத் தருகிறது. மலிவு விலைக் கிறிஸ்துமஸ் அலங்காரங்களின் வரலாற்றை நெடுகப் பார்த்தால் இவ்விரு ஊசிகளும் மாறி மாறித் தோன்றுவதைக் காணலாம்.

கிராட்சிட்டின் வீட்டில் கிறிஸ்துமஸ் மரம் இல்லை என்பது ஈண்டுக் கருதத்தக்கது. அந்நூல் முழுவதிலுமே அப்படியொரு மரம் பேசப்படவில்லை. ஹோலி, ஐவி முதலிய பசுந்தழைகளே அக்கால ஆங்கிலேயர் வீடுகளை அணிசெய்தன. மரம் வைக்கும் வழக்கம் ஜெர்மானிய மொழி பேசும் நிலப்பகுதிகளுக்குரியது. அல்சேஸ் பகுதியைச் சேர்ந்த செலெஸ்டா நகரத்தின் கணக்கேட்டில், 1521ஆம் ஆண்டு, திருநாள் மரங்களை மக்கள் வெட்டிச் செல்லாதவாறு காத்த காட்டுக் காவலர்க்கு நான்கு ஷில்லிங் கொடுத்ததாக ஒரு பதிவு உண்டு. 1605ஆம் ஆண்டில் ஸ்ட்ராஸ்பர்க் நகர வழக்கத்தைக் குறித்துவைத்த ஒருவர், வீட்டு முன்னறையில் ஊசியிலை மரத்தை நிறுத்தி, அதில் பல வண்ணத் தாள்களால் வெட்டிய ரோசாப்பூக்களையும், ஆப்பிள் பழங்களையும், மெல்லிய அப்பங்களையும், பொன் தகட்டையும், சர்க்கரைப் பண்டங்களையும் தொங்கவிட்டனர் என்கிறார். இவற்றுள் தாள் பூவை வெட்டக் கத்தரிக்கோலும் பொறுமையும் போதும். வீட்டில் செய்த மலிவான அலங்காரத்திற்குக் கிடைக்கும் பழைய சான்றுகளுள் இஃது ஒன்று.

இங்கிலாந்தில் மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் துணைவியார் அரசி சார்லட் 1800ஆம் ஆண்டில் வின்ட்சரில் குழந்தைகளுக்கான விருந்தொன்றில் மரம் வைத்தார். அவர் ஜெர்மானிய நாட்டிலிருந்து மணம் புரிந்து வந்தவர். ஆயினும் அவ்வழக்கம் அரச குடும்பத்தைச் சூழ்ந்தோரிடையே தங்கிவிட்டது. பொதுமக்களிடம் அதனைக் கொண்டு சேர்த்தது ஒரு படம். 1848ஆம் ஆண்டு 'இல்லஸ்டிரேட்டட் லண்டன் நியூஸ்' இதழ், விக்டோரியா அரசியாரும் ஆல்பர்ட் இளவரசரும் மக்களோடு மரத்தைச் சூழ்ந்து நிற்கும் காட்சியை அச்சிட்டது. இரண்டாண்டு கழித்து 1850இல் பிலடெல்பியாவிலிருந்து வெளிவந்த 'கோடீஸ் லேடீஸ் புக்' என்னும் மகளிர் இதழ் அதே படத்தை எடுத்தாண்டது. அமெரிக்கர்க்கு அரசரும் அரசியும் ஆகார் அல்லவா? ஆகவே அரசியாரின் தலையணி நீக்கப்பட்டது. இளவரசரின் மீசையும் மழிக்கப்பட்டது. அரச குடும்பம் ஒரு நாளில் நடுத்தரக் குடும்பமாயிற்று! அப்படத்தைப் பார்த்த அமெரிக்க இல்லத்தரசியர் தம் வீட்டிலும் அவ்வாறு ஒரு மரம் வேண்டும் என்று எண்ணத் தலைப்பட்டனர்.

மரம் வந்துவிட்டது. அதில் எதைத் தொங்கவிடுவது? கடையில் வாங்கும் வசதி எல்லார்க்கும் இல்லை. வாங்குவதற்குரிய பொருள்களும் அன்று மிகுதியாக இல்லை. இவ்விடத்தில்தான் ஊசி உள்ளே நுழைகிறது.

ஊசி நுழைவதற்குரிய சூழலை அந்த நூற்றாண்டு முன்பே அமைத்து வைத்திருந்தது. ஆலைகள் பருத்தித் துணியைப் பெருக்கின. அதனால் ஏழை வீடுகளிலும் துண்டுத் துணிகள் சேர்ந்தன. ('காலிகோ' என்று ஆங்கிலேயர் வழங்கிய எளிய பருத்தித் துணியின் பெயர் கோழிக்கோடு என்னும் ஊர்ப்பெயரின் திரிபே. நம் கடற்கரையிலிருந்து சென்ற துணி அந்நாட்டின் நெசவாளர்க்குப் போட்டியாகிவிட்டது என்று அதனைச் சட்டமியற்றித் தடுத்த காலமும் ஒன்று இருந்தது.) 1856இல் வில்லியம் பெர்கின் என்னும் பதினெட்டு வயது மாணவர் தற்செயலாகச் செயற்கை ஊதாச் சாயத்தைக் கண்டறிந்தார். அதன்பின் பிற வண்ணங்களும் அடுத்தடுத்து வந்தன. செல்வர்க்கே உரியனவாயிருந்த ஒளிமிக்க நிறங்கள் கந்தைத் துணிக்கும் கிட்டின. தையற்பொறிக்கு 1846இல் எலையாஸ் ஹோவும் 1851இல் ஐசக் சிங்கரும் காப்புரிமை பெற்றனர். 1856 முதல் சிங்கர் நிறுவனம் தவணை முறையில் பொறியை விற்றது. இவையனைத்தினும் ஆழமாக வேரோடியது பள்ளிக்கூடத்தின் பங்கு. இங்கிலாந்தில் 1862ஆம் ஆண்டின் திருத்திய கல்வி விதிகள், அரசு மானியம் பெறும் தொடக்கப்பள்ளிகளில் பெண் குழந்தைகட்கு எளிய தையலைக் கட்டாயமாக்கின. ஓட்டுத்தையலும், மடிப்புத்தையலும், கிழிசலுக்கு ஒட்டுப்போடுதலும் அறியாத பெண்பிள்ளை பள்ளியிலிருந்து வெளியேறுவது அரிதாயிற்று. அக்கட்டாயத்தில் பெண்ணை வீட்டுக்குள் நிறுத்தும் நோக்கமும் கலந்திருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அக்கட்டாயம் இல்லாதிருந்தால் ஓர் ஏழைத் தாய் தன் மகவுக்கு ஒரு துணிக் கிளியைத் தைத்துத் தரும் திறனும் இல்லாமற் போயிருக்கும்.

அக்கால மகளிர் இதழ்கள் மரத்திற்குரிய அணிகளைச் செய்யும் முறைகளை எழுதின. அவற்றுள் பெருவழக்காக இருந்தது 'டார்லட்டன்' என்னும் கஞ்சியிட்ட வலைத்துணியால் செய்த இனிப்புப் பை. அதனைச் செய்யும் முறை மிக எளிது. காலுறை வடிவிலோ கூம்பு வடிவிலோ இரு துண்டுகளை வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றை வைத்து, விளிம்பைச் சிவப்புக் கம்பளி நூலால் சுற்றித் தைக்க வேண்டும். வாயில் ஒரு கண்ணி வைத்து, உள்ளே மிட்டாயும் பருப்பும் இட்டு, கிளையில் மாட்ட வேண்டும். துணி மெல்லிய வலையாதலால் உள்ளிருக்கும் வண்ண மிட்டாய் வெளியே தெரியும், அதுவே அழகு. செலவு சொற்பம். திருநாள் முடிந்ததும் உள்ளிருப்பதைக் குழந்தைகள் தின்றுவிடுவர். பை அடுத்த ஆண்டுக்கு எஞ்சும். அமெரிக்காவில் சோளப்பொரியையும் கிரேன்பெரி என்னும் சிவந்த புளிப்புப் பழத்தையும் ஊசியால் நூலில் கோத்து நெடுஞ்சரமாக்கி மரத்தைச் சுற்றினர். பூத்தொடுக்கும் கைகளைக் கண்டு வளர்ந்த நமக்கு அக்காட்சியை மனத்தில் காண்பது கடினமன்று. துளையிட்ட அட்டையில் கம்பளி நூலால் குறுக்குத்தையல் இட்டுச் செய்த விண்மீன்களும் அக்காலத்தனவே.

1876இல் பிலடெல்பியாவில் நடந்த நூற்றாண்டுக் கண்காட்சியில் ஜப்பானியர் வைத்த பொருள்களின் ஒழுங்கற்ற கோட்டழகு அமெரிக்கப் பெண்களைக் கவர்ந்தது. அதன்பின் பட்டுத் துண்டு, வெல்வெட் துண்டு, கழுத்துப்பட்டைத் துண்டு என்று கையில் கிடைத்தவற்றை உருவம் பாராமல் இணைத்துத் தைத்து, இணைப்பின்மேல் வண்ண நூலால் பூவேலை செய்யும் ஒட்டுத்துணி வேலை ஒரு பித்தாகவே பரவிற்று. போர்வைக்குப் பயன்படாத சிறு துணுக்குகள் மரத்தில் தொங்கும் நெஞ்சங்களாகவும் காலுறைகளாகவும் மாறின.

இவ்வணிகளுக்கு ஒரு பகை இருந்தது, அது நெருப்பு. மரத்தில் மெழுகுத்திரிகளை ஏற்றிவைத்து அவற்றினிடையே துணியையும் தாளையும் தொங்கவிடுவது எத்துணை இடருடையது என்பதைச் சொல்லவேண்டியதில்லை. வாளியில் நீரும், கோல் நுனியில் கட்டிய ஈரக் கடற்பஞ்சும் மரத்தருகே வைத்துக் காத்திருப்பது வழக்கமாயிருந்தது. 1882இல் எடிசனின் கூட்டாளியான எட்வர்டு ஜான்சன் நியூயார்க்கில் தம் வீட்டு மரத்தில் சிவப்பு, வெள்ளை, நீல நிறத்தில் எண்பது மின்குமிழ்களை எரியச் செய்தார். மின்விளக்கு எளியோர் வீடுகளை எட்டப் பல்லாண்டு பிடித்தது. ஆயினும் துணியணிகள் அச்சமின்றித் தொங்க வழிவகுத்ததில் அதற்குப் பெரும் பங்குண்டு என்று கருத இடமுண்டு.

வீட்டை விட்டுச் சிறிது விலகி, வகுப்பறையை நோக்குவோம். கிறிஸ்துமஸ் கைவினைகளுள் புகழ்பெற்ற சில, திருநாளுக்காக அல்லாமல் பாடத்துக்காகத் தோன்றியவை என்பது ஆசிரியர் உலகம் மகிழத்தக்க செய்தி. ஜெர்மனியின் நீஸ்கி என்னும் ஊரில் மொரேவியச் சபையார் நடத்திய ஆண்கள் பள்ளியில், 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், வடிவியற் பாடத்தின் செய்முறையாக மாணவர் தாளால் பல கூர்முனைகளைச் செய்து ஒட்டி விண்மீன் ஆக்கினர். பெற்றோரைப் பிரிந்து விடுதியில் வாழ்ந்த பிள்ளைகள் அதனைத் தம் வீடுகளுக்குக் கொண்டு சென்றனர். இன்று உலகெங்கும் வாயில்களில் ஒளிரும் பல முனை விண்மீன் விளக்கின் முன்னோடி அதுவே.

பிரடெரிக் புரோபெல் 1837இல் பிளாங்கன்பர்க்கில் சிறுவர்க்கான செயற்கூடம் ஒன்றைத் தொடங்கி, 1840இல் அதற்குக் 'குழந்தைகளின் தோட்டம்' என்று பொருள்படும் பெயரை இட்டதை ஆசிரியப் பயிற்சி பெற்றோர் அனைவரும் அறிவர். அவர் வகுத்த கைவேலைகளுள் தாள் மடித்தல், தாள் நாடாக்களைப் பின்னுதல், கட்டமிட்ட அட்டையில் ஊசியால் துளையிட்டு அத்துளைகளின் வழியே வண்ண நூலைச் செலுத்தித் தைத்தல் ஆகியன அடங்கும். கை வழியே கண்ணும், கண் வழியே எண்ணும் பழகும் என்பது அவர் துணிவு. நுண்ணிய துளையிடல் சிறுவர் கண்ணுக்கு வருத்தம் தருகிறது என்று பிற்காலக் கல்வியாளர் குறை கூறினர். அக்குறையில் உண்மையும் உண்டு. 1851இல் பிரஷ்ய அரசு இக்குழந்தைப் பள்ளிகளைத் தடைசெய்தது. அத்தடை 1860 வரை நீடித்தது. ஆனால் அதற்குள் நாடு கடந்து சென்ற ஜெர்மானியர் அம்முறையை இலண்டனில் விதைத்துவிட்டனர். நான்கு தாள் நாடாக்களை மடித்துச் செய்யும் விண்மீன் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. அதனை அவரே கண்டுபிடித்தார் என்பதற்குச் சான்று இல்லை. மடித்த கைகள் அவர் பள்ளிகளில் பழகியவை என்பது போதும்.

டென்மார்க் நாட்டில் இரு வண்ணத் தாள்களைப் பின்னிச் செய்யும் நெஞ்சக்கூடை கிறிஸ்துமஸ் மரத்துக்கு உயிர்போன்றது. கிடைத்தவற்றுள் மிகப் பழைய கூடையைச் செய்தவர் குழந்தைக் கதைகளின் தந்தையாகிய ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன். 1860ஆம் ஆண்டில் அவர் செய்த அக்கூடை ஓடென்ஸ் நகரில் காக்கப்படுகிறது. கதை சொல்லும்போதே கத்தரிக்கோலால் தாளை வெட்டிக் கதை முடிவில் விரித்துக் காட்டும் பழக்கமுடையவர் அவர். தாளில் பயின்ற இதே நெஞ்சத்தை ஃபெல்ட் துணியிலும் பின்னுவது பின்னர் வழக்கமாயிற்று.

ஃபெல்ட் என்பது நெய்த துணியன்று, பின்னிய துணியுமன்று. கம்பளி இழைகளை ஈரமும் சூடும் ஊட்டி அழுத்தி, ஒன்றோடொன்று சிக்கவைத்துத் தகடாக்குவது. ஊடும் பாவும் இல்லாமையால் வெட்டிய விளிம்பு பிரியாது. மடித்துத் தைக்க வேண்டியதில்லை. சிறு பிள்ளையும் வட்டமொன்றை வெட்டி, இரண்டைச் சேர்த்து, விளிம்பில் கம்பளித் தையல் இட்டு, உள்ளே பஞ்சடைத்து ஒரு பழமோ பறவையோ ஆக்கிவிடலாம். தவறிய தையலும் அதில் உறுத்தாது. மலிவான துணி அணிகளின் வரலாற்றில் ஃபெல்ட் பெற்ற உயரிடத்துக்கு இதுவே காரணம்.

அந்த ஃபெல்ட்டைக் கொண்டு உலகப்புகழ் எய்திய ஒரு பெண்மணியின் வரலாறு தனியே எண்ணத்தக்கது. ஜெர்மனியின் கீங்கன் நகரில் 1847இல் பிறந்த மார்கரெட்டே ஸ்டைப், ஒன்றரை வயதில் கண்ட காய்ச்சலால் இரு கால்களின் ஆற்றலையும் இழந்தார், வலக்கையும் வருத்தியது. சக்கர நாற்காலியே அவருக்கு வாழ்விடம். இருந்தும் அவர் தையல் பயின்றார். தையற்பொறியின் சக்கரத்தை வலக்கையால் சுழற்ற இயலாமையால், பொறியையே பின்புறமாகத் திருப்பி வைத்து இடக்கையால் சுழற்றினார். 1877இல் ஃபெல்ட் ஆடைக் கடை ஒன்றைத் தொடங்கினார். 1879 டிசம்பரில் ஒரு நாகரிக இதழில் யானை வடிவத் தையல் மாதிரி ஒன்று வெளியாயிற்று. அதனைக் கொண்டு ஃபெல்ட் துண்டில் சிறு யானைகளைத் தைத்து, ஊசி குத்திவைக்கும் திண்டுகளாகத் தெரிந்தவர்க்குப் பரிசளித்தார். பெரியவர்கள் ஊசி குத்தும் முன்னரே குழந்தைகள் அவற்றைப் பறித்துக்கொண்டு விளையாடத் தொடங்கிவிட்டனர். சில ஆண்டுகளில் அந்த யானைகள் ஆயிரக்கணக்கில் விற்றன. பெரும் பொம்மை நிறுவனம் ஒன்று அவ்வாறு எழுந்தது. யானைத் திண்டு கிறிஸ்துமஸ் மரத்துக்கென்றே பிறந்ததன்று என்பது உண்மையே. ஆயினும் கையகல ஃபெல்ட் துண்டில் பஞ்சடைத்த உருவம் என்னும் எண்ணத்தை வீடுகள்தோறும் சேர்த்தவற்றுள் அதற்கு முதன்மை இடம் தரலாம்.

அமெரிக்காவில் வேறொரு வழி பிறந்தது. 1886இல் எட்வர்டு பெக் என்பார், கிறிஸ்துமஸ் தாத்தாவின் முன்புறத்தையும் பின்புறத்தையும் துணியிலேயே வண்ணத்தில் அச்சிட்டு விற்கக் காப்புரிமை பெற்றார். வாங்கியவர் கோட்டின் வழியே வெட்டி, தைத்து, பஞ்சோ மரத்தூளோ அடைத்தால் தாத்தா எழுந்து நிற்பார்! அடுத்த பத்தாண்டில் மாசசூசெட்சின் நார்த் ஆடம்ஸ் நகரிலிருந்த ஆர்னால்டு அச்சுத்துணி ஆலை பூனை, நாய், பொம்மை என்று பலவற்றைக் கெஜக்கணக்கில் அச்சிட்டுத் தள்ளியது. பாதி வேலையை ஆலை செய்யும். மீதியைத் தாய் செய்வாள். பிற்காலத்தில் பெட்டியில் அடைத்து விற்கப்பட்ட தையற் பொதிகளுக்கு இதுவே தொடக்கம்.

இதே காலத்தில் கடையில் வாங்கும் அலங்காரமும் மலிவாகிக்கொண்டிருந்தது. அதன் கதை வேறு வகையானது. ஜெர்மனியின் துரிங்கியா மலைப்பகுதியிலுள்ள லௌஷா என்னும் சிற்றூர் 1597 முதல் கண்ணாடித் தொழிலுக்குப் பெயர்பெற்றது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அங்குக் கண்ணாடிக் குமிழ்களை ஊதி மரத்துக்கு அணியாக்கினர். 1867இல் ஊருக்கு எரிவாயு ஆலை வந்தபின் மிக மெல்லிய குமிழ்களை ஊத முடிந்தது. 1880இல் அமெரிக்க வணிகர் எப். டபிள்யூ. உல்வொர்த் இவ்வணிகளை அரைமனத்தோடு 25 டாலருக்கு வாங்கினார். அவை இரண்டே நாளில் விற்றுத் தீர்ந்தன. அதன்பின் அவர் லௌஷாவுக்கே சென்று வாங்கிக் குவித்தார். சில காசுகளுக்குக் கிடைத்த அக்குமிழின் பின்னே இருந்தது என்ன? தந்தை ஊதுவார், தாய் உட்புறம் வெள்ளி பூசுவார், பிள்ளைகள் வண்ணம் தோய்த்து மூடி பொருத்துவர். முடிந்த சரக்கைப் பெண்கள் கூடைகளில் சுமந்து சோனபர்க் நகர வணிகரிடம் நடந்து சென்று சேர்ப்பர். வீடே தொழிற்சாலை, குழந்தையே தொழிலாளி.

'மலிவு' என்னும் ஒரு சொல்லுக்குள் இரு பொருள்கள் இருப்பதை இங்குக் காண்கிறோம். தன் வீட்டுக் கந்தையைத் தானே தைத்து அணியாக்கும்போது விலை குறைவது சிக்கனத்தால். கடையில் ஒரு காசுக்கு வாங்கும்போது விலை குறைவது, எங்கோ இருக்கும் மற்றொரு வீட்டின் உழைப்புக்குக் கூலி குறைவதால். ஹூட் பாடிய சட்டைக்காரியின் ஊசி லௌஷாவில் ஊதுகுழலாக மாறியிருந்தது, அவ்வளவே. லௌஷாவின் கைத்தொழிலுக்கு 1939இல் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனம் முடிவுகட்டத் தொடங்கியது. மின்குமிழ் செய்யும் பொறியையே திருப்பிவிட்டு, ஒரு நாளில் இலட்சக்கணக்கில் கண்ணாடி உருண்டைகளைக் கக்கவைத்தது. இன்றோ உலகின் கிறிஸ்துமஸ் அலங்காரப் பொருள்களுள் பெரும்பங்கு சீனாவின் ஈவூ நகரிலும் அதன் சுற்றுப்புறத்திலும் உருவாகிறது.

இரண்டாம் உலகப்போர் வந்தபோது கடைப்பொருள் மறைந்து ஊசி மீண்டும் அரியணை ஏறிற்று. பிரிட்டனில் 1941 ஜூன் முதல் நாள் உடைப் பங்கீடு தொடங்கியது; 1949 மார்ச்சு வரை அது நீங்கவில்லை. முதல் ஆண்டுக்கு ஓர் ஆளுக்கு 66 கூப்பன்கள். பெண்ணின் கம்பளி உடைக்கு 11, ஓர் இணைக் காலுறைக்கு 2 என்று கழித்துக்கொண்டே வந்தால் எஞ்சுவது என்ன என்பதைக் கணக்காசிரியர்கள் போட்டுப் பார்க்கலாம். பின்வந்த ஆண்டுகளில் கூப்பன் எண்ணிக்கையும் குறைந்தது. 1943இல் வணிக வாரியம் 'உள்ளதைக் கொண்டு ஒட்டுப்போடு' என்னும் கருத்துடைய கையேட்டை வெளியிட்டது. துணிப்பொம்மையைப் போன்ற 'மிசஸ் சூ அண்டு சூ' என்னும் கேலிச்சித்திரப் பெண் சுவரொட்டிகளில் தோன்றி இல்லத்தரசியர்க்கு அறிவுரை கூறினாள்.

இந்நிலையில் திருநாளுக்கென்று புதுத்துணி வாங்குவது எங்ஙனம்? குண்டுவீச்சுக்கு அஞ்சிச் சாளரங்களை மறைக்க விற்ற கறுப்புத் துணிக்குத் தொடக்கத்தில் கூப்பன் தேவைப்படவில்லை. அதில் மிஞ்சிய துண்டுகள் பொம்மைகளாயின. பழைய கம்பளிச் சட்டையைப் பிரித்து நூலெடுத்தனர். கிழிந்த காலுறையை நறுக்கிப் பஞ்சுக்குப் பதிலாக அடைத்தனர். செய்தித்தாளை நாடாவாக வெட்டி வண்ணம் பூசிச் சங்கிலியாக்கினர். பசுந்தழையைச் செறிந்த பேதியுப்புக் கரைசலில் தோய்த்து உலர்த்தினால் பனிபடிந்தது போல் ஒளிரும் என்று உணவு அமைச்சகமே யோசனை கூறிற்று. ஓர் அரசின் அமைச்சகம் கிறிஸ்துமஸ் தழைக்கு யோசனை கூறும் காலமும் வந்தது என்பதே, அவ்வாண்டுகளில் அத்தழை மக்களின் உளவுறுதிக்கு எத்துணை வேண்டப்பட்டது என்பதைக் காட்டும். அமெரிக்க நாட்டுப்புறங்களில் 1930களின் பொருளாதார வீழ்ச்சியின்போதே மாவு மூட்டையும் கோழித்தீவன மூட்டையும் உடையாகவும் பொம்மையாகவும் மாறியிருந்தன. இதனை அறிந்த வணிகர் மூட்டைத் துணியிலேயே பூக்கோலம் அச்சிட்டு விற்றனர். மூட்டை தைத்த நூலைக்கூட வீணாக்காமல் சுற்றி வைத்துக்கொண்டனர் பெண்கள்.

அதே போர்க்காலத்தில் கந்தைத் துணியும் ஊசியும் நம் மண்ணில் நிகழ்த்திய ஒன்றை இங்குக் குறிப்பிடாமல் செல்ல இயலாது. அது கிறிஸ்துமஸ் அலங்காரம் அன்று; ஆயினும் அதே கலையின் உடன்பிறப்பு. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தபின், 1936இல் அறுநூறு கைதிகளுக்காகத் திறக்கப்பட்ட சாங்கிச் சிறையில் ஐரோப்பியக் குடிமக்கள் ஆயிரக்கணக்கில் அடைக்கப்பட்டனர். அவர்களுள் ஏறத்தாழ 400 பேர் பெண்களும் குழந்தைகளும். ஆண்கள் தனிப்பகுதியில், கணவன் உயிரோடு இருக்கிறானா என்பதை அறியவும் வழியில்லை. கனடா நாட்டைச் சேர்ந்த எதெல் முல்வேனி என்பார் பெண்களிடம் சதுரத் துணித் துண்டுகளைக் கொடுத்து, தத்தம் பெயரையும் மனத்திலுள்ள ஒரு படத்தையும் பூத்தையலால் அமைக்குமாறு கேட்டார். 66 சதுரங்கள் கொண்ட போர்வைகள் மூன்று உருவாயின. பிரிட்டானியர்க்கு ஒன்று, ஆஸ்திரேலியர்க்கு ஒன்று, ஜப்பானியர்க்கு ஒன்று. காயமுற்ற வீரர்க்கு என்பது வெளிக்காரணம். ஒரு சதுரத்தில் தைத்த பெயர், சிறையின் மறுபுறத்தில் இருப்பவனுக்கு 'இருக்கிறேன்' என்னும் மடலாகும் என்பது உட்காரணம்.

அச்சிறையிலேயே எலிசபெத் என்னிஸ் என்பார் சிறுமியர் சாரணர் படை ஒன்றை நடத்தினார். ஏறத்தாழ இருபது சிறுமியர் வாரம் ஒருமுறை கூடினர். தம் தலைவியின் பிறந்தநாளுக்கு அவர் அறியாமல் ஒரு பரிசு தர எண்ணி, கிடைத்த துணுக்குகளை அறுகோணமாக வெட்டிப் பூப்போல் இணைத்துப் போர்வை தைத்தனர். நூல் கிடைக்காததால் கிழிந்த உடைகளிலிருந்து இழையைப் பிரித்தெடுத்தனர். அப்போர்வை இன்று இலண்டனிலுள்ள பேரரசுப் போர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முல்வேனி அம்மையார் தூண்டிய மூன்றனுள் ஆஸ்திரேலியப் போர்வையும் ஜப்பானியப் போர்வையும் கான்பெராவிலுள்ள ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் உள்ளன. உறைக்குள் வைத்த மடல்களாயின் காவலர் கையில் கிழிந்திருக்கும், தையல் தப்பியது.

போர் முடிந்து 1950களிலும் 60களிலும் செல்வம் பெருகிய அமெரிக்காவில், வெட்டிய ஃபெல்ட், மின்னும் சமிக்கி, மணி, நூல் அனைத்தும் அடங்கிய பொதிகள் கடைக்கு வந்தன. வீட்டில் செய்வது சிக்கனம் என்பது போய்ப் பொழுதுபோக்கு என்றாயிற்று. தையற்காரியின் கற்பனைக்கு அவற்றில் இடம் குறைவு. எண்ணிட்ட துண்டை எண்ணிட்ட இடத்தில் வைத்துத் தைத்தால் போதும். எனினும் அப்பொதிகளில் தைத்த காலுறைகள் இரண்டு மூன்று தலைமுறை கடந்தும் பெட்டிகளிலிருந்து ஆண்டுதோறும் வெளிவருகின்றன. கடையில் வாங்கிய கண்ணாடி உருண்டைகளுள் எத்தனை அவ்வளவு காலம் உடையாமல் இருந்திருக்கும்?

சிக்கனம் மீண்டும் பேசுபொருளாகும் காலம் விரைவில் வந்தது. 1973இல் எண்ணெய் நெருக்கடி உலகைத் தாக்கியது. அவ்வாண்டு வாஷிங்டனில் நாட்டின் பொது மரத்துக்குரிய மின்விளக்குகள் குறைக்கப்பட்டன. 1974இல் அமெரிக்காவில் பணவீக்கம் 11 விழுக்காட்டை எட்டியது. வெள்ளை மாளிகையின் நீல அறையில் வைக்கும் மரத்துக்கு ஆண்டுதோறும் அதிபரின் துணைவியார் ஒரு கருப்பொருளைத் தேர்வது ஜாக்குலின் கென்னடி அம்மையார் 1961இல் தொடங்கிய வழக்கம். 1969இல் பாட் நிக்சன் அம்மையார், ஒவ்வொரு மாநிலத்தின் மலரையும் குறிக்கும் வெல்வெட், சாட்டின் உருண்டைகளைப் புளோரிடாவிலுள்ள உடற்குறையுடைய தொழிலாளரைக் கொண்டு செய்வித்தார். 1974இல் பெட்டி ஃபோர்டு அம்மையார் தேர்ந்த கருப்பொருள் சிக்கனமும் மறுபயனும். அந்த மரத்தில் தொங்கியவை அப்பலாச்சிய மலைநாட்டுப் பெண்களும் முதியோர் குழுவினரும் ஒட்டுத்துணிகளை இணைத்துக் கையால் தைத்த அணிகள்.